கடலுக்குப் போகாத நாளின் மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு முதன்முதலாக வலிப்பு வந்த அன்று, அவர் கையில் கொடுக்க எங்கள் குப்பம் முழுக்கத் தேடியும் ஒரு சாவி கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? பூட்டு இருந்தால்தானே சாவி இருக்கும்! எல்லாம் ஓலை வீடு, படல் கதவு. பூட்டி வைக்கிற மாதிரி யாரிடமும் எதுவும் கிடையாது. கையில் இரும்பைக் கொடுத்தால் இழுப்பு நின்றுவிடும் என்று ஊருக்கே தெரியும், ஆனால் இரும்புக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுக்காரி என்னுடைய அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கை கால் வெட்டி இழுக்கிற மனுஷன் கையில் அரிவாள்மனை! அதைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு நான் திட்டிய திட்டில் அவள் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை.

எழுபதுகளின் ஆரம்பம் அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டினாற்போல் எங்கள் குப்பம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அன்று மதியம் கரையில் பெரிய வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கூடையோடு மீனுக்காகக் காத்திருந்தேன். கயிற்றைப் பிடித்திருந்தவர் யாரோ கூப்பிட்ட மாதிரி இடது பக்கம் திரும்பினார். தலை திரும்பியது திரும்பியபடியே நின்றுவிட்டது. அடுத்த நொடி தடாலென்று விழுந்தார். கண் மேலே சொருகிவிட்டது. வாயோரம் நுரையும் ரத்தமும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், நான் யாரென்றே அவருக்குத் தெரியவில்லை. அவர் வேட்டி நனைந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் பார்ப்பதற்கு முன்னால் ஒரு வலைத்துண்டை இழுத்து மேலே போட்டேன்.

எல்லோரும் கலைந்த பிறகும் என் அண்ணன் மட்டும் போகவில்லை. அண்ணன்தான் அவருடைய கட்டுமரக் கூட்டாளி. எனக்குக் கல்யாணம் பேசுவதற்கு வெகு முன்பே ரெண்டு பேரும் ஒரே மரத்தில் கடலுக்குப் போனவர்கள். "நல்ல பையன், என்கூட இருக்கறவன்" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொடுத்ததே அவன்தான். தூங்குகிற அவரையே பார்த்துக்கொண்டிருந்தவன் மெதுவாகச் சொன்னான்:

"இது கடல்ல வந்திருந்தா இன்னா ஆவறது?"

கட்டுமரம் என்பது நாலைந்து கட்டையைச் சேர்த்துக் கட்டினது, அவ்வளவுதான். பிடித்துக்கொள்ள ஓரம் கிடையாது. விழுந்தால் நேராகத் தண்ணீர். நினைவு இல்லாதவன் எப்படி நீந்துவான்? அன்றைக்கே அண்ணன் தீர்ப்பு சொல்லிவிட்டான். இது சரியாகிற வரைக்கும் அவருக்கு மரத்தில் இடமில்லை.

என் மாமியார் தாயத்துக் கட்டினார். வேப்பிலை அடித்தார்கள். தர்காவில் ஓதிய கயிறும் கையில் ஏறியது. நான் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எது காப்பாற்றினாலும் சரி என்றுதான் இருந்தேன். ஆனால் கயிறு கட்டின கையோடேயே மறுபடியும் விழுந்தார். அப்புறம் இன்னொரு முறை. திருக்கழுக்குன்றத்தில் என்னிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் வாத்தியாரம்மா ஒருவர் உண்டு. என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார், சொன்னேன். "செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வாரத்தில ஒரு நாள் பட்டணத்திலேர்ந்து நரம்பு டாக்டர் வர்றார். இது மூளை சம்பந்தப்பட்டது. நேரா அவர்கிட்ட போ" என்றார். மறுவாரமே நான், அவர், அண்ணன் மூணு பேரும் பஸ் ஏறினோம்.

நரம்பு டாக்டர் வரும் நாளில் அந்த நீள பெஞ்சில் உட்கார இடம் கிடைக்காது. என் பக்கத்தில் ஒரு தையல்காரர். மடியில் வைத்த வலது கை தானாக ஆடிக்கொண்டே இருந்தது, விரல்கள் எதையோ உருட்டுகிற மாதிரி. ஏதாவது எடுக்கப் போனால் ஆட்டம் குறைந்துவிடும், சும்மா வைத்தால் திரும்பவும் ஆடும். நடுக்குவாதம் என்றார். பட்டணத்தில் புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறதாம், அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு சட்டைப் பொத்தானைத் தானே போட முடிகிறதாம். இதையெல்லாம் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொன்னார். நான் ஏதோ வேடிக்கையாகப் பதில் சொன்னேன். "நான் சிரிக்கிறேம்மா. மூஞ்சிக்குத்தான் அது தெரிய மாட்டேங்குது" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை.

அவருக்கு அந்தப் பக்கம் என் வயதில் ஒரு பெண். காலையில் எழுந்து வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியதாம். கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் தொங்கிப்போயிருந்தது. பக்கவாதம் என்று வீட்டில் ஒப்பாரியே வைத்துவிட்டார்களாம். யாரோ புறா ரத்தத்தைப் பூசச் சொல்லி, அதையும் பூசியிருக்கிறார்கள். டாக்டர் அவள் கையையும் காலையும் நன்றாகச் சோதித்துவிட்டு, இது பக்கவாதமே இல்லை, முகத்துக்குப் போகிற ஒரு நரம்பு வீங்கியிருக்கிறது, அநேகமாகத் தானே சரியாகிவிடும் என்றாராம். மூடாத கண்ணில் தூசி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் முக்கியம். "அந்தப் புறா பாவம்" என்று பாதி வாயால் சொன்னாள். அதற்கப்புறம் ஒரு மாதம் கழித்து அதே பெஞ்சில் பார்த்தேன். இரண்டு கன்னமும் சமமாகச் சிரித்தாள்.

எங்கள் முறை வந்தது. டாக்டர் ஒல்லியானவர், மூக்குக்கண்ணாடி போட்டவர், பொறுமை கொஞ்சம் குறைச்சல். என் வீட்டுக்காரரை விட்டுவிட்டு என்னைக் கேள்வி கேட்டார். எந்தப் பக்கம் முதலில் திரும்பினார்? கண் எப்படி இருந்தது? எவ்வளவு நேரம்? நாக்கைக் கடித்தாரா? எழுந்ததும் ஆள் தெரிந்ததா? நான் பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லிவிட்டு, "மெஷின்ல வச்சி பாக்க மாட்டீங்களா சார்?" என்று கேட்டேன்.

"தேவைப்பட்டா பட்டணத்துக்கு அனுப்பறேன். ஆனா நீ சொன்னதுல பாதி டெஸ்ட் முடிஞ்சிருச்சும்மா. வலிப்பு வந்தவனுக்கு என்ன நடந்துதுன்னே தெரியாது. பாத்தவங்கதான் சொல்லணும்" என்றார்.

எட்டாவது வரை படித்தவள் நான். இதுவரை எந்தப் படித்த மனுஷரும் என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவர் சொன்னதையெல்லாம் நம்பிவிட்டேன்.

அவர் விளக்கினார். பேயும் இல்லை, பிசாசும் இல்லை, ஒட்டுகிற வியாதியும் இல்லை. நம் மூளைக்குள் எப்போதும் மெல்லிசாக மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கேயோ ஓர் இடத்தில் அது திடீரென்று தாறுமாறாகப் பாய்ந்தால் உடம்பு இழுக்கிறது. "எங்க குப்பத்துல கரண்டே கெடையாது சார்" என்றான் அண்ணன். டாக்டர் சிரித்துவிட்டார். "தலைக்குள்ள எல்லாருக்கும் இருக்குப்பா. அதுக்கு பில் வராது" என்றார். பிறக்கும்போது மூச்சு முட்டியிருக்கலாம், சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்திருக்கலாம், தலையில் அடிபட்டிருக்கலாம். பல பேருக்குக் காரணமே தெரியாமலும் போகும். இவருக்குக் குழந்தையில் கடும் காய்ச்சல் வந்து இழுத்தது என்று மாமியார் சொன்ன ஞாபகம். அதைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்.

"மறுபடி வந்தா சாவியும் வேணாம், கத்தியும் வேணாம். வாயில எதையும் திணிக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. பக்கத்துல இருக்கற கல்லு முள்ளை நகத்திட்டு ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. அதுவா நிக்கும். நிக்காம நீண்டுக்கிட்டே போனா, இல்ல நினைவு திரும்பறதுக்குள்ள அடுத்தது வந்தா, உடனே தூக்கிட்டு வாங்க."

வெள்ளையாகச் சின்ன மாத்திரை. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. முதலில் கொஞ்சம் தூக்கமாக இருக்கும், போகப்போகப் பழகிவிடும். அப்புறம் செய்யக் கூடாததைச் சொன்னார். அடுப்பங்கிட்டே உட்காரக் கூடாது. கிணற்றில் தனியாகக் குளிக்கக் கூடாது. கல்பாக்கம் பக்கம் கட்டட வேலைக்குப் போனாலும் சாரம் ஏறக் கூடாது. "கடலுக்கு நான் சொல்ற வரைக்கும் போகவே கூடாது."

இதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவர் அப்போதுதான் பேசினார். "அப்போ நான் இன்னா சார் செய்யறது? கரையில குந்திக்கினு கடலைப் பாத்துகினேகீறதா?"

டாக்டர், மாத்திரையைத் தவறாமல் போட்டால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலிப்பு முழுசாக அடங்கிவிடும் என்று மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு இருந்த ஒரே ஆசை அந்த மரத்தில் மறுபடி ஏறுவது. எனக்கு இருந்த ஒரே பயமும் அதுதான்.

தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு நானே மாத்திரையை எடுத்து அவர் கையில் வைப்பேன். ஆரம்பத்தில் எப்போதும் கண் சொக்கிப்போய்த் திரிந்தார். பிறகு தெளிந்தார். வலை பின்னினார், கரையில் வலை இழுத்தார். மாதங்கள் போயின, வலிப்பு வரவில்லை. அந்தப் பங்குனியில் டாக்டர் அரை மனசாகத் தலையாட்டினார். "தனியா போகாதே. தூரம் போகாதே. மாத்திரையை மட்டும் விட்டுடாதே." இவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. கல்யாணத்தன்று கூட இல்லை!

அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என்னிடம் கையை நீட்டினான். "மாத்திரை டப்பாவ குடு. கடல்ல அவன் உசுருக்கு நான்தான் பொறுப்பு. இதுவும் என்கிட்டயே இருக்கட்டும்."

அண்ணன் ஒன்றை ஏற்றுக்கொண்டால் சாகும்வரை விட மாட்டான். நிம்மதியாகக் கொடுத்துவிட்டேன். மறுநாள் விடியலில் மரத்தைத் தண்ணீருக்குள் தள்ளுவதற்கு முன், "வாயத் தொற மாப்ள" என்று மாத்திரையைப் போட்டு, முழுங்கினாரா என்று நாக்கைத் தூக்கிப் பார்த்தான். "ராத்திரிதானே போடச் சொன்னாரு அண்ணே?" என்றேன். "ராத்திரி போட்டா கரையிலயே வேலை செஞ்சி முடிஞ்சிடும். கடல்ல வேலை செய்யணும்னா கடல்ல ஏறும்போதுதான் போடணும்" என்றான். கேட்பதற்கு நியாயமாகத்தான் பட்டது. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று அநேகமாகத் தினமும் கடலுக்குப் போனார்கள். ஒரு குறையும் இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வாடைக்காற்று. கடல் சேறும் நுரையுமாகக் கரையை முட்டிக்கொண்டிருந்தது. மரமெல்லாம் மேட்டில் ஏற்றிக் கிடந்தது. ஒரு வாரமாக யாரும் கடலுக்குப் போகவில்லை. மழை விட்ட ஒரு காலையில், வாசலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே இடது பக்கம் திரும்பினார். எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருக்களித்துப் போட்டேன், வாயைத் துடைத்தேன். நின்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடியும். நினைவு திரும்பவில்லை, அதற்குள் இன்னொன்று. ஐயோ, நான் கத்திய கத்தில் குப்பமே கூடிவிட்டது. கயிற்றுக்கட்டிலில் போட்டு அண்ணனும் நாலு பேரும் மெயின் ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த வழியாக வந்த லாரிக்காரர் ஒருவர் ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன், தெரியாத சாமியையும் கூப்பிட்டேன்.

ஊசி போட்டு அடக்கினார்கள். ரெண்டு நாள் கழித்து, நரம்பு டாக்டர் வருகிற நாளில், இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். கடித்த நாக்கு வீங்கியதால் பேச்சு குழறியது. டாக்டர் சீட்டைப் பார்த்துக் கவலைப்பட்டார். "மாத்திரை போட்டும் இவ்வளவு வருதுன்னா டோஸை ஏத்தித்தான் ஆகணும்" என்று எழுதப் போனார்.

"வாணாம் சார்" என்றார் இவர். "இருக்கறதே நெறைய கீது. மச்சான் டப்பா ரொம்ப வச்சிக்கினுகீறாரு."

டாக்டருடைய பேனா நின்றது. "மாசத்துக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதானே குடுக்கறோம். நெறைய எப்படி இருக்கும்?"

அண்ணன் முன்னால் வந்தான். பெருமையாக வந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். "நான்தான் சார் பாத்துக்கறேன். கடலுக்குப் போற அன்னிக்கு ஒரு நாளும் தவற உட்டது இல்ல. போவாத அன்னிக்கு ஒண்ணுகூட வீணாக்கினது இல்ல. இந்த மழைக்குத்தான் சார் நெறைய மிச்சமாச்சி."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் மூணு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

இதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் மனசு வராது. எங்கள் குப்பத்தில் எல்லாமே கடலுக்குப் போகிற நாள், போகாத நாள் என்றுதான் கணக்கு. போகிற நாளுக்குத்தான் சூடான சோறு, போகிற நாளுக்குத்தான் வெற்றிலை புகையிலை, அன்றைக்குத்தான் சாமிக்குக் கற்பூரம். போகாத நாளுக்குக் கஞ்சி போதும். கரையில் விழுந்தால் மண் தாங்கும், கடலில் விழுந்தால் யார் தாங்குவார்? ஆபத்து கடலில் இருக்கிறது, அதனால் மருந்தும் கடலுக்குத்தான் என்று அவர்கள் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளாமலேயே முடிவு செய்திருந்தார்கள். எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது.

"வலிப்புக்குக் கடல் எது, கரை எதுன்னு தெரியாதுப்பா" என்றார் டாக்டர் கடைசியாக. "இந்த மருந்து தினமும் ரத்தத்துல இருந்துக்கிட்டே இருக்கணும். போட்டுப் பழகினதைத் திடீர்னு நிறுத்தினா மூளை இன்னும் மோசமா கிளம்பும். அதான் இப்ப வந்தது. இனி நான் சொல்ற வரைக்கும் ஒரு நாள்கூட விடக் கூடாது. நிறுத்தறதா இருந்தாலும் சில வருஷம் கழிச்சு, கொஞ்சம் கொஞ்சமா, நான்தான் நிறுத்துவேன்." அப்புறம் இவரைப் பார்த்து, "கடலும் வேணாம். மறுபடி முதல்லேர்ந்து" என்றார். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அண்ணனை வெளியே இழுத்துக்கொண்டு போனேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். "பெரிய டாக்டரு! வாயத் தொற, நாக்கத் தூக்கு! இன்னா ஆட்டம் ஆடின! என் தாலிய அறுக்கப் பாத்தியே!" அவன் புளியமரத்தடியில் குந்தி உட்கார்ந்தான். "நான் பாத்துக்கறேன், நான் பாத்துக்கறேன்னு சொல்லிக்கினே அவனைக் கொல்லப் பாத்துட்டேனே" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அப்பா செத்தபோதுகூட அழாதவன். நான் போய் டீ வாங்கி வந்து கையில் கொடுத்தேன். திட்டினது திட்டினதுதான், ஆனால் எனக்கிருப்பது ஒரே அண்ணன்.

அதற்குப் பிறகு வந்த வருஷம் கொடுமை. வலிப்பு வரவில்லை. மாத்திரை தினமும் சாயங்காலம் கஞ்சியோ சோறோ உள்ளே போன கையோடு போனது. ஆனால் ஆள்தான் சுருங்கிப்போனார். என்னோடு கூடை தூக்கிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வந்தார். ஆம்பிளை மீன்கூடையோடு பெண்டாட்டி பின்னால் போனால் குப்பம் சும்மா விடுமா? "இன்னா மச்சான், நாளிக்கு பொடவையா?" என்று கேட்டவனை நான் மீன் கழுவின தண்ணீராலேயே குளிப்பாட்டினேன். இவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. வீட்டில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். "என்னை விட்டுட்டு வேற ஒருத்தனை கட்டிக்கினு நல்லாரு" என்று ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு நான் போட்ட சண்டையில் அடுப்பில் இருந்த குழம்பு தீய்ந்துபோனது. அதைத்தான் சாப்பிட்டோம்.

அண்ணன் தினமும் சாயங்காலம் வருவான். கடலுக்குப் போன நாளும் வருவான், போகாத நாளும் வருவான். கார்த்திகை மழையில் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நிற்பான். உள்ளே வரமாட்டான், டப்பாவையும் தொடமாட்டான். இவர் முழுங்குகிறதைப் பார்த்துவிட்டு, "சரி மாப்ள" என்று திரும்பிப் போவான். அந்த ரெண்டு வார்த்தைக்காக நனைந்துகொண்டு வருகிறவனைப் பார்த்து என் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

வருஷம் திரும்பியது. அதற்குமேலும் சில மாதம் போனது. டாக்டர் கடலுக்குச் சரி என்றார், முன்பு சொன்ன அதே நிபந்தனைகளோடு. ஆனால் குப்பத்தில் யாரும் இவரைத் தங்கள் மரத்தில் ஏற்றிக்கொள்ளத் தயாராக இல்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, கயிற்றுக்கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்கள் அவர்கள். அண்ணன் மட்டும் வந்தான். "நாளிக்குக் காலைல வா மாப்ள" என்றான்.

"ஒண்ணியும் வாணாம்" என்று நான் குறுக்கே விழுந்தேன். "எனக்கு மீனும் வாணாம், கடலும் வாணாம். மனுஷன் வேணும்." இவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, கெஞ்சினார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அண்ணன் சொன்னான், "நான் இட்டுக்கினு போறேன். நான் இட்டாறேன். அவன் இல்லாம நான் கரை ஏற மாட்டேன்." எல்லா ஆம்பிளைகளும் சொல்கிற வார்த்தைதான் என்று நினைத்துக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தேன்.

முதல் நாள் மதியம் அவர்கள் திரும்பி வரும்வரை எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நல்ல பாடு, கூடை கொள்ளாத கவளை மீன். இவர் ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் வாய்விட்டுப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். வீட்டில் குளிக்கத் தண்ணீர் ஊற்றும்போதுதான் பார்த்தேன். இடுப்பைச் சுற்றித் தோல் சிவந்து கயிற்றுத்தடம். "இது இன்னா?" என்றேன். அவர் மழுப்பினார். நேராக அண்ணன் வீட்டுக்கு நடந்தேன். சட்டையில்லாமல் வலை உதறிக்கொண்டிருந்தான். அவன் இடுப்பிலும் அதே தடம்.

"ரெண்டு பேரையும் ஒரே கயித்துல கட்டிக்கினியா?"

"மரத்தோட கட்டினா, அலையில மரம் பொரண்டா அடியில மாட்டிக்குவான்" என்றான், ஏதோ வலைக்கணக்கு சொல்கிற மாதிரி.

"அவுரு உளுந்தா உன்னையும் இஸ்துகினு போவாரே! ஒருத்தர் போனா பத்தாதுன்னு ரெண்டு பேரையும் நான் கடலுக்குக் குடுக்கணுமா?"

"பின்ன? அவனை உட்டுட்டு நான் மட்டும் வந்து உன்கிட்ட இன்னான்னு சொல்வேன்?" என்றான்.

அவன் சொன்னது வெறும் வார்த்தை இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு தினமும் இடுப்பில் தடம். தோல் தடித்துக் கறுத்தது. ரெண்டு பேருக்கும் தேங்காய் எண்ணெய் தடவக் கொடுப்பேன். எனக்கு ஒரு மகள் பிறந்தாள், அவள் தவழ்ந்தாள், அவள் அப்பாவின் இடுப்புத்தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். வலிப்பு வரவில்லை. ஐப்பசி வந்தது, கடல் மூடியது, திறந்தது. மாத்திரை ஒரு நாளும் நிற்கவில்லை. பஸ் ஏறி டாக்டரைப் பார்ப்பதும் நிற்கவில்லை. தையல்காரரும் அந்தப் பெஞ்சுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். என் மகளுக்கு ஒரு கவுன் தைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். தையல் கொஞ்சம் கோணல், அதனால் என்ன?

அப்புறம் ஒரு சித்திரை மதியம். மரம் கரையில் முட்டியது. ரெண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். சங்கரா மீன், நல்ல பெரிசு. நான் கூடையை நீட்டும்போது கண் தானாக அவர் இடுப்புக்குப் போனது. பழைய கறுப்புத் தழும்புதான் இருந்தது, புதுச் சிவப்பு இல்லை. அண்ணனைப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

"கயிறு எங்க?" என்றேன்.

அண்ணன் தன் இடுப்பைத் தடவிப் பார்த்தான். இவர் அவனைப் பார்த்தார், அவன் இவரைப் பார்த்தான். ரெண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

"கட்டலயா?" என்று இவர் கேட்டார்.

"நீ கட்டிக்கினேன்னு நெனச்சேன் மாப்ள."

"அடப்பாவிங்களா! அவ்ளோ தூரம் போயி, அவ்ளோ தண்ணியில, ஒண்ணுமே இல்லாமயா நின்னுகினு இருந்தீங்க?" என்று ஆரம்பித்தேன். குப்பமே கேட்கிற மாதிரிதான் ஆரம்பித்தேன். "மூளை கீதா உனக்கு? எப்டி அண்ணே மறந்துபோவும்?"

"மறந்துட்டேன்டி" என்றான் அண்ணன். அவனுக்கே அது நம்ப முடியவில்லை. "கயிற இல்ல. அவனுக்கு வலிப்புன்றதையே மறந்துட்டேன்."

திட்ட வாயெடுத்தவள்தான். கூடையைப் போட்டுவிட்டு மணலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மீன் துள்ளி என் மடியில் விழுந்தது. அவர்கள் ரெண்டு பேரும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோய், ஆளுக்கொரு பக்கம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.